உழைத்துக் களைத்த பிள்ளைகளும் ஊசி மருத்துவமும்

பிரதோஷ வேளையில் நந்தியெம்பெருமான் முன் நின்று பெரியவர்கள் வைக்கும் வேண்டுதல்களில் அண்மைக் காலமாக ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், பெண்ணுக்கு நல்ல இடத்தில் வரன் அமைய வேண்டும் என்பனவே பெரும்பாலும் வேண்டுதல்களாக இருந்தன. இன்று பல வீடுகளில் வேலை கிடைத்துவிட்டது, வரனும் அமைந்துவிட்டது. ஆயினும் அர்ச்சனைத் தட்டை ஏந்தி, பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் சொல்லி முடித்தபின், "என் பிள்ளைக்கு இராத்திரியில் நல்ல தூக்கம் வர வேண்டும், சுவாமி" என்று வேண்டும் தாய்மார்களைக் காண்கிறோம்.

அந்தப் பிள்ளைகளே சில நாள்களில், "அம்மா, ஆபீஸில் எல்லோரும் அக்குபங்சர் போகிறார்கள். நானும் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்" என்று சொல்லும்போது வீட்டில் ஒரு கலக்கம் எழுகிறது. ஊசியா? யார் குத்துவார்? சீன வைத்தியமாமே, நம் வழக்கத்துக்கு ஒத்துவருமா? இக்கேள்விகளுக்கு நிதானமாக விடை தேடுவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

குளிர் அறையில் என்ன களைப்பு?

வெயிலில் நின்று வியர்வை சிந்தாத வேலையில் அப்படி என்ன அலுப்பு என்று பெரியவர்களுக்குத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோடைக் காலத்தில் நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30. நாம் திருவிளக்கு ஏற்றும் வேளையில் அங்கே அலுவலகம் திறக்கிறது. காலையிலிருந்து இங்கே வேலை பார்த்த பிள்ளை, அந்நேரத்தில் மீண்டும் அந்நாட்டாரோடு பேச உட்கார வேண்டியிருக்கிறது. உண்ணும் நேரம், உறங்கும் நேரம், குழந்தையைக் கொஞ்சும் நேரம் யாவும் கைபேசியின் மணியோசைக்குக் கட்டுப்படுகின்றன.

இறைவன் படைத்த இவ்வுடலில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. காட்டில் புலியைக் கண்டால் நெஞ்சு படபடக்கும், தசைகள் முறுக்கேறும், செரிமானம் தற்காலிகமாக ஒதுங்கி நிற்கும், உடல் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தமாகும். புலி போனபின் யாவும் தாமே அடங்கிவிடும். மேலதிகாரியின் கடுமையான மின்னஞ்சலைக் கண்டாலும் உடல் இதே ஆயத்தத்தைச் செய்கிறது. ஆனால் இந்தப் புலி போவதில்லை. ஒன்று போனால் மற்றொன்று வருகிறது. மாதக் கணக்கில் முறுக்கேறியே நிற்கும் உடலில் பிடரி வலி, தலைவலி, நெஞ்செரிச்சல், உறக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிச்சல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறுகின்றன. இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும். மனிதர் மட்டும் சரியாக இருக்க மாட்டார்.

இது சோம்பலும் அன்று, பாவனையும் அன்று. வேலையினால் உண்டாகும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு தன் நோய் வகைப்பாட்டு நூலில் வரையறுத்தது. அதனைத் தனி நோய் என்று கூறாமல், வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே குறித்தது. அதற்கு மூன்று அடையாளங்களையும் சொன்னது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது மனம் விட்டுப்போதல், செய்யும் செயலில் திறன் குறைதல். அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையான செய்தியைச் சொல்கிறது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதய நோயால் மரணம் நேரும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம். ஆகவே பிள்ளையின் களைப்பைக் கண்டு தாய் கலங்குவதில் நியாயம் உண்டு.

ஊசி மருத்துவத்தின் வரலாறு

அக்குபங்சர் சீன நாட்டில் தோன்றிய மருத்துவ முறை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் உள்ளியல் நூல்' அதற்கு மூல நூலாக விளங்குகிறது. அரசர் வினவ, அமைச்சர் விடை கூறும் அமைப்பில் அந்நூல் இயற்றப்பட்டுள்ளது. அம்மை வினவ ஐயன் விடை பகரும் நம் ஆகம மரபை அறிந்தவர்களுக்கு அந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

அதன் அடிப்படைக் கருத்து இது. உடலில் உயிராற்றல் குறிப்பிட்ட பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டம் தடைப்பட்டாலோ நிலை பிறழ்ந்தாலோ துன்பம் தோன்றும். பாதையின்மீது அமைந்த புள்ளிகளில் மெல்லிய ஊசியைச் செலுத்தினால் ஓட்டம் சீர்ப்படும். பழைய நூல்கள் இப்புள்ளிகளை ஆண்டின் நாள்களோடு ஒப்பிட்டு 365 என்று கூறும். இன்று உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு 14 பாதைகளில் 361 புள்ளிகள்.

கி.பி. 1027-ஆம் ஆண்டு வாக்கில் சீனாவின் சோங் வமிச அரசவையில் இப்புள்ளிகளைக் கற்பிப்பதற்காக ஆளுயர வெண்கல உருவங்கள் வார்க்கப்பட்டன. புள்ளி தோறும் துளை வைத்து, மேலே மெழுகு பூசி, உள்ளே நீரை நிரப்புவார்களாம். மாணவன் சரியான இடத்தில் ஊசியைக் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி நுழையாது. இங்கே முதலாம் இராஜேந்திர சோழன் ஆட்சி செய்த காலம் அது. நம் சிற்பிகள் வெண்கலத்தில் நடராஜப் பெருமானை வார்த்துக்கொண்டிருந்த நாள்களில், அங்கே வெண்கலத்தில் மருத்துவப் பாடம் வார்க்கப்பட்டது. அம்மன்னன் சீனத்துக்குத் தூதுக்குழு அனுப்பியதும் வரலாற்றுச் செய்தி.

இந்தியாவுக்கு இம்மருத்துவம் வந்த கதை நெகிழ்ச்சியானது. 1938-இல் போரினால் துன்புற்ற சீன மக்களுக்கு உதவ, நம் நாட்டிலிருந்து ஐந்து மருத்துவர்கள் சென்றார்கள். அவர்களுள் ஒருவரான டாக்டர் கோட்னிஸ் 1942-இல் அம்மண்ணிலேயே உயிர் துறந்தார். அவரது வாழ்க்கையைச் சாந்தாராம் திரைப்படமாக எடுத்ததை வாசகர்களில் மூத்தோர் அறிந்திருக்கக்கூடும். அக்குழுவில் இருந்த மற்றொரு மருத்துவர் பிஜோய் குமார் பாசு. அவர் 1958-இல் மீண்டும் சீனம் சென்று அக்குபங்சரைக் கற்றுத் திரும்பி, 1959-இல் கொல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். 2019-இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

நம் சித்த மருத்துவத்திலும் 108 வர்மப் புள்ளிகள் உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். குமரி மாவட்டத்தில் ஆசான்கள் வழிவழியாகப் போற்றிவரும் கலை அது. பழநியாண்டவரின் நவபாஷாணத் திருமேனியைச் சமைத்த போகருக்குச் சீனத்தோடு தொடர்பு உண்டு என்பதும் நம் மரபு கூறும் செய்தி. ஆயினும் வர்மம் வேறு, அக்குபங்சர் வேறு. புள்ளிகளும் முறைகளும் வெவ்வேறு. நாம் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் எனப் பஞ்ச பூதங்களைக் கொள்கிறோம். சீனரோ மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்தைக் கொள்கின்றனர். இரண்டையும் பொருத்திக் காட்டுவோர் உண்டு என்றாலும், அவரவர் மரபை அவரவர் பெயராலேயே அறிவது நேர்மை.

இச்சிகிச்சையில் மந்திரமோ வழிபாடோ சமயச் சடங்கோ இல்லை. ஆதலால் நம் நெறிக்கு மாறானதோ என்ற ஐயம் வேண்டியதில்லை.

சிகிச்சை எப்படி நடைபெறும்?

மருந்து ஏற்றும் ஊசி குழல் போன்றது, தடிமனானது. அக்குபங்சர் ஊசியோ துளையற்றது. ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர் கனமே உடையது. அதில் மருந்து எதுவும் இல்லை. குத்தும்போது எறும்பு கடித்தாற்போல ஒரு சுருக் உணர்வும், பின்னர் அவ்விடத்தில் மந்தமான ஒரு கனமும் தோன்றும். இரத்தம் வருவது அரிது. வந்தாலும் ஒரு துளிதான்.

முதல் நாள் நீண்ட நேரம் பேச்சிலேயே கழியும். உறக்கம், பசி, மலச்சிக்கல், வேலை நேரம், கவலை அனைத்தையும் வினவி, நாடி பார்த்து, நாக்கையும் நோக்கிய பின்னரே ஊசிகளை வைப்பர். பிறகு அரை இருளான அறையில் இருபது முதல் முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையாக, சில வாரங்கள் தொடர்வது வழக்கம்.

மன அழுத்தத்துக்குப் பயன்படும் சில புள்ளிகளின் பெயர்களே பொருள் பொதிந்தவை. மணிக்கட்டின் உட்புறம் சுண்டு விரல் பக்கமாக அமைந்த புள்ளிக்கு 'ஷென்மென்' என்று பெயர். உள்ளொளியின் வாயில் என்று பொருள் கொள்ளலாம். முன்கையின் உட்புறத்தில் இருப்பது 'நெய்குவான்'. உள்வாயில் என்பது அதன் பொருள். உச்சந்தலையில் இருப்பது 'பாய்ஹுய்', நூறு கூடுமிடம். புருவ மத்தியில் இருப்பது 'யின்டாங்', முத்திரை மண்டபம். நாம் திருநீறும் குங்குமமும் இடும் அதே இடம் இது.

காது மடலிலும் ஊசி வைப்பார்கள். தலைகீழாகக் கிடக்கும் கருக்குழந்தையின் வடிவை ஒத்தது காது என்று பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியர் 1950-களில் விளக்கினார். காதில் ஐந்து புள்ளிகளில் ஊசி வைக்கும் முறை 1970-களில் நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்காக வளர்ந்தது. பின்னர் பெருந்துயரில் சிக்கியவர்களின் பதற்றத்தைத் தணிக்கவும் பயன்பட்டது. இதைக் கேட்டவுடன் நம் தோப்புக்கரணம் நினைவுக்கு வரும். பிள்ளையார் முன் காதைப் பிடித்துப் பணிவது பக்தியின் அடையாளம். அதன் பெருமைக்குச் சீனத்துச் சான்று தேவையில்லை. அக்குபங்சருக்கும் அது மாற்றாகாது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

நம்பிக்கை ஒருபுறம் இருக்க, பயன் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். உடலை அறுத்துப் பார்த்தால் சீனர் கூறும் பாதைகள் நரம்பைப் போலவோ இரத்தக் குழாயைப் போலவோ தென்படுவதில்லை. ஆனால் ஊசி நரம்புகளைத் தூண்டுகிறது என்பதும், அப்போது வலியைத் தணிக்கும் எண்டார்பின் போன்ற பொருள்கள் உடலிலேயே சுரக்கின்றன என்பதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன.

வேலை அழுத்தத்தோடு கூடவே வரும் தலைவலியை எடுத்துக்கொள்வோம். 2016-இல் 12 ஆய்வுகளையும் 2349 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோருக்கே தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தன. அக்குபங்சர் பெற்றவர்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குறைந்தன. மனச்சோர்வுக்காக 2013-இல் இங்கிலாந்தில் 755 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்கள் மூன்று மாதங்களில் கூடுதல் நலம் பெற்றனர். அதே ஆய்வில் ஆலோசகரோடு மனம் விட்டுப் பேசியவர்களும் கூடுதல் நலம் பெற்றனர். இச்செய்தியை மனத்தில் இருத்துங்கள், பின்னர் பயன்படும்.

மறுபக்கமும் உண்டு. உண்மையான புள்ளியில் குத்தப்பட்டவருக்கும், வேறிடத்தில் பெயருக்குக் குத்தப்பட்டவருக்கும் இடையே காணப்படும் வேறுபாடு பல ஆய்வுகளில் சிறியதாகவே இருக்கிறது. வேலை அழுத்தத்துக்கென்றே நடந்த ஆய்வுகளும் சிறியவையே. அப்படியானால் நலம் எங்கிருந்து வருகிறது? ஊசிக்கு ஒரு பங்கு இருக்கலாம். மற்றொரு பங்கு அந்த அரை மணி நேரத்துக்கு உரியது என்றே தோன்றுகிறது. கைபேசி வெளியே, விளக்கு தணிந்திருக்கிறது, ஒருவர் தம் துன்பத்தைக் குறுக்கிடாமல் கேட்டுவிட்டார், இனி அசையாமல் படுத்திருப்பது ஒன்றே கடமை. மாதக் கணக்கில் முறுக்கேறிய உடலுக்குப் புலி போய்விட்டது என்று அப்போதுதான் தெரிகிறது.

கவனிக்க வேண்டியவை

பயிற்சி பெற்றவர் கையில் இது பெரும்பாலும் ஆபத்தற்ற சிகிச்சை. ஆயினும் சிலவற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஊசி புதியதாக, நம் கண்ணெதிரே உறையைப் பிரித்து எடுக்கப்பட்டதாக, ஒரு முறை பயன்படுத்தி எறிவதாக இருத்தல் வேண்டும். பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவக்கூடும். மார்பு, தோள் பகுதிகளில் அனுபவமற்றவர் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழுவதும் உண்டு. ஆதலால் யார் குத்துகிறார், எங்கே கற்றார் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். யோகா, இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பான பி.என்.ஒய்.எஸ்.-இல் அக்குபங்சரும் ஒரு பாடம். அப்பட்டம் பெற்றவர்களை நாடலாம்.

இரண்டாவது, வெறும் வயிற்றோடு போகலாகாது, மயக்கம் வரும். ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை என்று உபவாசம் இருக்கும் நாள்களில் இச்சிகிச்சையைத் தவிர்த்து வேறு நாளில் வைத்துக்கொள்க.

மூன்றாவது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், கருவுற்ற பெண்கள், நீரிழிவினால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் முன்கூட்டியே அதைத் தெரிவிக்க வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு மின்னோட்டத்துடன் கூடிய அக்குபங்சர் ஆகாது. கருவுற்றவருக்குச் சில புள்ளிகளைத் தவிர்ப்பர்.

நான்காவது, மிக முக்கியமானது. "ஊசி வைத்தாயிற்று, இனி இரத்த அழுத்த மாத்திரை வேண்டாம், சர்க்கரை மாத்திரை வேண்டாம், இன்சுலின் வேண்டாம்" என்று எவரேனும் சொன்னால், வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரின் பொறுப்பு. இது பிள்ளைகளுக்கு மட்டுமன்று. அவர்களோடு துணைக்குப் போய், "நமக்கும் மூட்டு வலிக்கு ஒரு தடவை பார்க்கலாமே" என்று உட்காரும் பெரியவர்களுக்கும் பொருந்தும்.

நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்குப் பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல் என்றால் அதை மன அழுத்தம் என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "வாழவே பிடிக்கவில்லை" என்ற சொல் பிள்ளையின் வாயில் ஒரு முறை வந்தாலும் அதை விளையாட்டாகக் கொள்ளலாகாது. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

ஊசிக்கு அஞ்சுவோர் விரலால் அழுத்தியும் ஓரளவு இதம் பெறலாம். மணிக்கட்டின் உட்புற ரேகையிலிருந்து முழங்கை நோக்கி, அவருடைய மூன்று விரல் அகலம் அளந்து, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே பெருவிரலால் மிதமாக ஒன்றிரண்டு நிமிடம் அழுத்துவது 'நெய்குவான்' புள்ளிக்கு உரிய முறை. இரவு படுக்கும்முன் உள்ளங்காலில் சிறிது நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வது நம் வீடுகளில் பழைய வழக்கம். சீனர் 'பொங்கும் ஊற்று' என்றழைக்கும் புள்ளியும் அந்த உள்ளங்காலில்தான் இருக்கிறது. பெரியவர்கள் பிள்ளையின் காலைத் தொடலாமோ என்ற தயக்கம் வேண்டாம், அவரே தேய்த்துக்கொள்ளட்டும். எண்ணெயை இளஞ்சூடாக்கி வைப்பது தாயின் அன்பு. தேய்த்த காலோடு எழுந்து நடந்தால் வழுக்கும் என்பதை மட்டும் நினைவூட்டுங்கள்.

பெரியவர்களின் பங்கு

வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஊசியின்கீழ் அடங்கிய உடல், மற்ற ஆறு நாள்களும் முறுக்கேறினால் என்ன பயன்? வேலை நேரத்தைக் குறைக்கும் ஆற்றல் ஊசிக்கு இல்லை. அதைப் பிள்ளையும் அவருடைய அலுவலகமுமே தீர்க்க வேண்டும். ஆனால் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பது ஓரளவு நம் கையில் உள்ளது.

சிகிச்சை அறையில் கிடைக்கும் மூன்று நன்மைகளை முன்னே சொன்னோம்: குறுக்கிடாமல் கேட்கும் செவி, தணிந்த ஒளி, எதுவும் செய்யாதிருக்க ஓர் அனுமதி. இம்மூன்றையும் வீட்டில் தருவதற்குப் பட்டம் தேவையில்லை. ஆலோசகரோடு மனம் விட்டுப் பேசியவர்களும் நலம் பெற்றார்கள் என்ற இங்கிலாந்து ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை உள்ளே நுழைந்தவுடன் மின்கட்டணத்தையும் உறவினர் வருத்தத்தையும் சொல்லாமல் ஒரு நாழிகை பொறுக்கலாம். "நாங்கள் அந்தக் காலத்தில் எவ்வளவு உழைத்தோம் தெரியுமா" என்ற சொல்லை அடக்கிக்கொள்ளலாம். அந்த உழைப்பு உண்மையே. ஆயினும் மாலையில் வீடு திரும்பியபின் அலுவலகம் நம்மைத் தொடர்ந்து வந்ததில்லை என்பதும் உண்மையே. மருமகளும் வேலைக்குச் செல்பவளாயின், அவளுக்கும் அதே பிடரி வலியும் அதே தலைவலியும் உண்டு. மகனைச் சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு, மருமகளை அடுக்களைக்கு அனுப்புவது தர்மமாகாது. இரவு உணவின்போது கைபேசிகளை ஓரிடத்தில் வைப்பது என்று வீடு முழுவதும் ஒரு நியமம் கொள்ளலாம். அதில் பெரியவர்களின் கைபேசியும் சேர வேண்டும்.

ஞாயிறு காலை வருகிறது. கோயிலில் அபிஷேகம். பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கிறான். எழுப்பி அழைத்துச் செல்ல வேண்டும் என்று நம் மனம் துடிக்கிறது. அந்த உறக்கம் வாராது வந்த உறக்கமாயின், எழுப்பாதிருப்பதே பெரிய புண்ணியம். உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூலர். அந்த ஆலயத்தில் இப்போது நடை சாத்தியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் சென்று, அவன் பெயருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்து, திருநீற்றுப் பொட்டலத்தைக் கொணர்ந்து அவன் தலைமாட்டில் வைத்துவிடலாம். விழித்தெழுந்தபின் அவனே நெற்றியில் இட்டுக்கொள்வான்.

உழைக்கும் பிள்ளைகள் யாவர்க்கும் குறைவற்ற உறக்கத்தையும், அவர்களைப் பெற்றவர்களுக்கு நிறைந்த பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.